ஒரு நூல் நீளம்

எங்கள் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தபோது ஒரு லொறிப் பில்ரரைத் தன் கைக்குழந்தையின் பீத்துணிகளுக்குள் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பற்றறி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று யாழ்ப்பாணத்துக்குள் வர எல்லாவற்றுக்கும் தடை. லொறிச் சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். வவுனியாவில் பையைத் திறந்த ஆமிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கையைக் காட்டினானாம். அதை ஒரு கிழமை முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சின்னம்மா நடித்துக் காட்டினார். பில்ரரும் ஒரு கிழமை முழுக்க நாறியது.

ஒயில் பில்ரர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருப்பீர்கள். எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். சின்னப் பால்மாத் தகரப் பேணியளவு உருளை, உள்ளே மடிப்பு மடிப்பாகக் கடதாசி. எஞ்சினுக்குள் ஓடுகிற ஒயிலின் அழுக்கெல்லாம் அந்தக் கடதாசியில் தங்கிவிடும். எங்கள் லொறியில் அது இருப்பதற்கு எஞ்சினின் பக்கத்தில் ஓர் இரும்புக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்துக்குள் பில்ரரை வைத்து, விளிம்பில் இறப்பர் வளையத்தைப் பொருத்தி, அடியிலிருந்து ஒரு நீண்ட திருகாணியால் மேலே இறுக்கவேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் பிழைத்தாலும் இது எனக்குப் பிழைக்காது, ஏனென்றால் அப்பா அந்த லொறிக்குக் கீழே படுத்திருந்த நேரமெல்லாம் நானும் பக்கத்தில் படுத்திருந்தேன்.

லொறி அப்பாவுடையது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றினால் இருமி இருமி ஓடும் பழைய டீசல் லொறி. வெங்காயம் ஏற்றும், விறகு ஏற்றும், கலியாணம் என்றால் ஆட்களையும் ஏற்றும். புதுப் பில்ரர் கிடைக்காததால் அப்பா பழையதையே மண்ணெண்ணெயில் அலசிக் கிணற்றடிக் கல்லில் காயவைப்பார். காகம் கொத்தாமல் பார்ப்பது என் வேலை. அப்படி எத்தனை தரம் கழுவிக் காய்ந்ததோ, அந்தக் கடதாசி கடைசியில் துணிபோல ஆகிவிட்டது.

ஆகவே சின்னம்மா கொண்டுவந்த புதுப் பில்ரரை அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். என்னிடமிருந்து அடிமட்டத்தை வாங்கிப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். பிறகு இன்னொருமுறை அளந்தார். புதியது ஒரு நூல் நீளம் கூடுதல். நூல் என்பது தச்சர்களும் லொறிக்காரரும் சொல்லும் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல்தானே அத்தான், இறுக்கினால் இருக்காதோ?" என்றார் சின்னம்மா.

"நிக்கேக்கை ஒண்டும் தெரியாது. ஓடிச் சூடேறினாப் பிறகுதான் விளையாட்டுக் காட்டும். வளையத்தைத் தள்ளிக்கொண்டு ஒயில் முழுக்க றோட்டிலை போயிடும். கொடிகாமத்து ஆள் ஒருத்தர் உப்பிடித்தான் நீட்டுப் பில்ரரைப் போட்டு, ஆறாம் கட்டையிலை எஞ்சின் இறுகி நிண்டது. பிறகென்ன, இரும்பு விலைக்குத்தான் குடுத்தவர்."

எங்கள் ஊரில் கட்டை என்றால் ஒரு மைல். ஆறு கட்டை என்பது எனக்கு அப்போது பெரிய தூரம். சின்னம்மா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அந்தக் கிழமை முடிந்ததும் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். புதுப் பில்ரரைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். எங்கள் வீட்டில் உதவாத நல்ல சாமான்கள் எல்லாம் அங்கேதான் ஏறும்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், விறகு ஏற்றும்போது ஒரு குற்றி உருண்டு விழுந்து அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்ரர் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். லொறியை என் அண்ணை ஓட்டத் தொடங்கினார். அண்ணைக்குப் பதினேழு வயது, உயர்தர வகுப்பில் படித்தார். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் லொறி. ஸ்ரியறிங்கைப் பிடித்தவுடன் அவர் முகத்தில் ஒரு பெரிய மனிதக்களை வந்துவிடும், எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரும். நெல்லியடிச் சந்தையில் திரும்பும்போது என்னைக் கோர்ண் அடிக்க விடுவார். அதற்காகவே நான் அவருக்குப் பின்னால் திரிந்தேன்.

ஒருநாள் பின்னேரம் இரண்டு பெடியள் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். பெடியள் என்றால் இயக்கத்துக்காரர், அதை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. அவர்களில் ஒருவருக்கு எஞ்சின் வேலை தெரிந்திருந்தது. அண்ணையிடம் லொறியை ஸ்ரார்ட் செய்யச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார். பிறகு மோட்டார்சைக்கிளில் கட்டியிருந்த தகரக் கானை அவிழ்த்து அப்பாவின் முன்னால் வைத்தார். புது ஒயில். நெய்கூட அப்படி மினுங்காது.

"நல்ல எஞ்சின் ஐயா. இந்த ஒயிலை மாத்தி, பில்ரரையும் மாத்தி வையுங்கோ. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வாறம். தூர ஓட்டம்."

"என்ரை கை இப்பிடி இருக்கு, தம்பி."

"அதுக்கென்ன, மகன் ஓட்டுறார்தானே."

"அவன் படிக்கிறவன். எத்தினை நாள் எண்டு..."

"அலுவல் முடிய வருவார் ஐயா."

மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பிள்ளை இப்படித்தான் இரண்டு நாளைக்கென்று உழவியந்திரம் ஓட்டப் போனவர். ஆறு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. அவருடைய தாய் தினமும் எங்கள் வாசல் படலையைத் தாண்டிக் கோயிலுக்குப் போவார். முன்பெல்லாம் நின்று அம்மாவோடு கதைப்பவர், இப்போது நிலத்தைப் பார்த்தபடி போவார்.

அம்மா குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதார். சத்தமில்லாமல் அழுததுதான் எனக்குப் பயம். சத்தம் போட்டு அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். அண்ணை மட்டும் ஒன்றும் நடக்காதவர்போலப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன், புத்தகம் தலைகீழாக இருந்தது.

பொழுதுபடும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் கிணற்றடியில் நின்று குசுகுசுத்தார்கள். நான் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அம்மா அழவில்லை. முகத்தைக் கழுவி, திருநீறு பூசி, இரவுக்குப் பிட்டு அவித்தார். பெரியவர்களுக்கு என்ன, அழுகை வந்தால் அழுவார்கள், போதுமென்றால் நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா அண்ணையைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எனக்குக் கை ஏலாது. நான் சொல்லச் சொல்ல நீ பூட்டுறியோ?"

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லொறிக்குக் கீழே நுழைந்தேன். அப்பா குந்தியிருந்து ஆணி கழற்றும் சாவியை நீட்டினார். பழைய ஒயிலை வடியவிட்டு, ஆணியைக் கழற்றி, கிண்ணத்தை இறக்கித் துடைத்தேன். உள்ளே இருந்த பழைய பில்ரரை மண்ணெண்ணெயில் அலசிக் கிணற்றடிக் கல்லில் காயவைத்து, காய்ந்ததும் எடுக்க எழுந்தேன்.

"உந்தப் பழசை விடு. அலுமாரிக்கு மேலை இருக்கிற புதுசை எடுத்துக்கொண்டு வா."

"அது நீட்டெல்லோ, அப்பா?"

"சொன்னதைச் செய்."

"ஒரு நூல் நீட்டு எண்டு நீங்கள்தானே..."

"பிள்ளை." அப்பா என்னைப் பார்க்காமல் படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாயை மூடிக்கொண்டு எடுத்துவா."

என் அப்பா எனக்கு அப்படிச் சொன்னதே இல்லை. கதிரையை வைத்து ஏறிப் பில்ரரை எடுத்தேன். அப்பாவுக்குப் பயத்தில் மறந்துபோய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் பயம் வந்தால் கறிக்கு உப்பை இரண்டு தரம் போடுவார். பெரியவர்கள் அப்படித்தான்.

மறுபடி லொறிக்குக் கீழே நுழைந்து, புதுப் பில்ரரை வைத்த கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நான் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஆறு கட்டை போனால் எந்த இடம் வரும்? வல்லை வெளி வரும். யாழ்ப்பாணம் போகிற எவரும் அந்த வெளியைத் தாண்டித்தான் போகவேண்டும். மரம் கிடையாது, வீடு கிடையாது, ஒளிப்பதற்கு ஒரு பற்றைகூடக் கிடையாது. இரண்டு பக்கமும் உப்பு வெளி, நடுவில் றோட்டு. அதற்கு முந்திய வருஷம் அப்பாவோடு போனபோது மேலே ஹெலி வந்தது. அப்பா என்னை லொறிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு காலை எடுக்காமல் மிதித்தார். "வெளியிலை நிண்டால் முடிஞ்சுது" என்று அன்று அவர் சொன்னது என் காதுக்குள் அப்படியே இருந்தது. அண்ணை அந்த வெளியின் நடுவில், இறுகிப்போன லொறிக்குள், ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி மேலே பார்ப்பதை நான் கண்டேன். கண்ணால் கண்டதுபோலக் கண்டேன்.

அந்த நேரத்தில் ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து படலைக்கு ஓடினார்.

நான் புதுப் பில்ரரை இழுத்து எடுத்தேன், கிணற்றடிக்குப் பாய்ந்தேன், பழையதை எடுத்துவந்து கிண்ணத்துக்குள் வைத்தேன், புதியதை விறகுக் குவியலுக்குள் சொருகினேன். என் இதயம் அடித்த அடியில் லொறியே ஆடுகிறது என்று நினைத்தேன். வளையத்தைச் சரியாகப் பொருத்தி, ஆணியை மாட்டி, சாவியில் தொங்கித் தொங்கி இறுக்கினேன். கிண்ணம் ஒரு மயிரிழையும் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது.

மோட்டார்சைக்கிளில் வந்தது வேறு யாரோ. அப்பா திரும்பி வந்து குந்தினார். பிளாஸ்ரர் கையோடு அவரால் உள்ளே நுழைந்து பார்க்க முடியாது.

"இறுக்கினியோ?"

"ஓம் அப்பா."

"புதுசைத்தானே போட்டனி?"

"ஓம் அப்பா."

அப்பாவுக்கு நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். கண்டுபிடித்துப் பழையபடி நீட்டுப் பில்ரரைப் பூட்டிவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். நான் கீழேயே படுத்திருந்தேன். அப்பா இடது கையால் புது ஒயிலை ஊற்றினார், பாதி எஞ்சினிலும் மீதி தன் வேட்டியிலும்.

பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். அண்ணை லொறியை ஸ்ரார்ட் செய்தார். எஞ்சின் தெரிந்தவர் குனிந்து கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை மணந்து, தலையாட்டினார். அம்மா முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தார். அண்ணைக்குத் திருநீறு பூசும்போதும் அவர் அழவில்லை. ஓர் உடுப்புப் பைகூடக் கட்டிக்கொடுக்கவில்லை. அண்ணை என்னைப் பார்த்து, "கோர்ண் அடிக்கேல்லையோ?" என்றார். ஏறி ஒரு தரம் அடித்துவிட்டு இறங்கினேன். லொறி தேசிக்காயை நசித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்கு விளங்கவில்லை. அம்மா மத்தியானச் சோறு சமைத்து, அண்ணையின் கோப்பையில் போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடி வைத்தார். "அண்ணை தூரமெல்லோ போயிட்டார்?" என்று கேட்டேன். "நீ உன்ரை சோத்தைத் தின்" என்றார். அப்பா சாப்பிடவில்லை. வேட்டியில் ஒயில் கறையோடு றோட்டில் இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி நடந்தார். படலையடியில் தேசிக்காய்ச் சாறு மட்டும் ஈரமாக இருந்தது. அவர் அங்கே குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு ஒழுங்கை முழுக்க, பெரிய றோட்டு முழுக்க, தொலைத்த மோதிரத்தைத் தேடுகிறவர்போலப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு சொட்டு ஒயில் இல்லை. நெல்லியடிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவரை மறித்தார்.

"தம்பி, வல்லைப் பக்கம் லொறி ஏதும் நிண்டதோ?"

"நிக்கேல்லை ஐயா. ஒரு லொறி வெளியைத் தாண்டிப் பறந்து போகுது."

அப்பா மதகில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அட, நீட்டுப் பில்ரரைப் போட்டதை இப்போதுதான் நினைத்துப் பயப்படுகிறார், இனியும் மறைப்பது பிழை என்று எனக்குப் பட்டது.

"பயப்பிடாதேங்கோ அப்பா," என்றேன். "ஒரு சொட்டும் சிந்தாது. நான் பழசைத்தான் பூட்டினனான்."

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என் கையை எடுத்து, விரல்களில் இருந்த கறுப்பு ஒயிலைத் தன் வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாக, நகத்தின் இடுக்கெல்லாம் துடைத்தார்.

"கெட்டிக்காரி," என்றார். "இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன? அம்மாவுக்கும் சொல்லக்கூடாது. என்னிலை சத்தியம்."

சத்தியம் செய்தேன். சொல்வழி கேட்கவில்லையென்று அம்மா ஏசுவார், அதிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அன்று அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டவள் நான் ஒருத்திதான்.

அண்ணையின் சோற்றை அம்மா பொழுதுபடும்வரை மூடியே வைத்திருந்தார். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தார். மறுநாளும் சமைத்து மூடி வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். வானத்தில் பொம்மர் இரையும்போது நாங்கள் பங்கருக்குள் இறங்குவோம், அம்மா படியிலேயே நிற்பார், அப்பா இடது கையால் அவரைப் பிடித்து இழுப்பார். நான் மட்டும், எங்கே போனாலும் லொறி நிற்காது, அண்ணை பறந்துவிடுவார் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

பதினோராம் நாள் எங்கள் லொறியின் இருமல் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. மூவரும் படலைக்கு ஓடினோம். ஓட்டிவந்தவர் முன்பு வந்த அந்த எஞ்சின் தெரிந்தவர். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"மகன் வேறை வாகனத்திலை நிக்கிறார் ஐயா. அவர் நல்லா ஓட்டுறார், அங்கை ஆள் தேவை. ஆறுதலாய் வருவார்." இறங்கி, சாவியை அப்பாவிடம் கொடுத்தார். பிறகு நல்ல செய்தி ஒன்றும் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கிண்ணத்தைக் காட்டிச் சொன்னார். "ஆனால் எஞ்சின் எண்டால் இதுதான். இவ்வளவு தூரம் ஓடியும் ஒரு சொட்டு ஒயில் குறையேல்லை. வழியிலை கிண்ணத்தைக் கழற்றிப் பாத்தனான், பழசை வடிவாய்க் கழுவிப் போட்டிருக்கிறியள். ஆர் பூட்டினது?"

அம்மா சடாரென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "பழசோ?" என்றார். அவ்வளவு மெல்லிய குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் இடது கை என் தோளில் விழுந்து இறுகியது.

"நான்தான் தம்பி," என்றார் அப்பா. "நான்தான் பூட்டினனான். கடைசி நேரத்திலை எஞ்சினைக் கெடுக்க மனம் வரேல்லை."

வந்தவருக்கு அது விளங்கவில்லை, சிரித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு விளங்கியது. வீட்டுக்குள் போய், மூடியிருந்த சோற்றை எடுத்துவந்து கோழிகளுக்குக் கொட்டினார். அதற்குப் பிறகு அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை. சோறு போடுவார், வேட்டி தோய்ப்பார், காய்ச்சல் என்றால் கசாயம் வைப்பார். ஒரு சொல் பேசமாட்டார். அண்ணை வரவேயில்லை. அப்பா சாகும்வரைக்கும் அம்மா பேசவேயில்லை. தன் பிள்ளையைவிட லொறியின் எஞ்சின் பெரிதாய்ப்போன மனிதன் என்றுதான் அப்பாவை அவர் கடைசிவரை நினைத்தார். அப்பா ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.

நான் புதியதைப் பூட்டியிருந்தால் ஆறு கட்டையில் எஞ்சின் இறுகியிருக்கும். உதவாத லொறியை விட்டுவிட்டு அவர்கள் போயிருப்பார்கள். அண்ணை வெயிலில் நடந்து மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருப்பார். கிணற்றடியில் நின்று அப்பாவும் அம்மாவும் கதைத்தது இதைத்தான். எனக்கு இது விளங்கியபோது நானும் ஒரு பிள்ளைக்குத் தாய்.

ஆனால் அன்று எனக்கு வயது ஒன்பது. சாவியில் தொங்கித் தொங்கி இறுக்கியது நான். பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தது நான். வெளியூர்க்காரர் ஒருவர் படலையடியில் நின்று மெச்சுகிறார், அந்தப் பெயரை அப்பா கூசாமல் தனக்கு எடுத்துக்கொள்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவைப் போலவே நானும் அன்று அப்பாவோடு கதைக்கவில்லை.